கசப்பை உண்ட மக்கள்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் அந்நாட்டு மன்னர்களின் கல்வெட்டுகளையும் போர்க் குறிப்புகளையும் புரட்டுவது மரபு. வென்றவன் பெயரும் வென்ற ஆண்டும் அவற்றிலிருந்து கிடைத்துவிடும். அடுப்பெரியாத வீட்டில் அன்றிரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்பது மட்டும் கிடைக்காது. அதனை மக்களின் வாய்ச்சொல்லில்தான் தேட வேண்டும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுத்துத் தொடர்ச்சி அறுபடாத சீன நாட்டில் இந்த வாய்ச்சொல் வியப்பூட்டும் அளவுக்குப் பத்திரமாகக் காக்கப்பட்டிருக்கிறது. துயரத்தையும் இன்னலையும் குறித்து அம்மக்கள் சொல்லி வைத்தவற்றுள் சிலவற்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

சீனத்தில் 'செங்யூ' என்று ஒரு சொல்வகை உண்டு. பெரும்பாலும் நான்கே எழுத்துகளால் ஆனது. ஒவ்வோர் எழுத்தும் ஓரசைச் சொல்லாதலின் நான்கு அசைகளில் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அந்நான்கின் பின்னே ஒரு போரோ, ஒரு பஞ்சமோ, ஓர் அரசனின் மடமையோ நின்றுகொண்டிருக்கும். 'குமணன் கொடை' என்ற இரண்டே சொற்களில் ஒரு புலவனின் வறுமையும் ஒரு வள்ளலின் தலையும் நம் கண்முன் வருகின்றன அல்லவா, அதுபோல. கதையை அறியாதவனுக்குச் சொல் பாதிதான் விளங்கும்.

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம். துன்பத்திற்குச் சீனர் வழங்கும் பொதுச்சொல் 'கூ' என்பது. அதன் நேர்ப்பொருள் கசப்பு. அவ்வெழுத்தின் தலைப்பகுதியில் புல் பூண்டுகளைக் குறிக்கும் அடையாளம் இருக்கிறது. தொடக்கத்தில் அது ஒரு செடியின் பெயர். செடியின் பெயர் சுவையின் பெயராகி, சுவையின் பெயர் வாழ்வின் பெயராயிற்று. பின்னர் பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள், 'துக்கம்' என்னும் வடசொல்லுக்கு இந்தக் 'கூ'வையே ஈடாக வைத்தார்கள். அன்றுமுதல் நாவிலிருந்த கசப்பு கடலளவு விரிந்தது. கரை காணாத கசப்புக் கடல் என்பது இன்றும் சீனத்தில் வழங்கும் தொடர். நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் 'துக்கம்' என்ற சொல்லே அங்கே சென்று கசப்பாக மாறி நிற்கிறது என்பது நினைக்கத்தக்கது.

துன்பத்தை நாம் 'படுகிறோம்'. துன்பப்பட்டான், பாடுபட்டான், அல்லற்பட்டான் என்பது தமிழ் வழக்கு. வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து மேலே படுகிறது. சீனரோ துன்பத்தை உண்கிறார்கள். 'ச்சி கூ', கசப்பை உண்ணல் என்பது அவர்தம் அன்றாடப் பேச்சு. உதை தின்றான் என்று நம் ஊர்களிலும் சொல்வதுண்டுதான். ஆயினும் அது இகழ்ச்சிச் சொல். கசப்பை உண்ண வல்லவன் என்று ஒருவனைச் சீனர் சொன்னால் அது புகழ்ச்சி. பெண் கொடுக்கவும், வேலைக்கு வைக்கவும் அவன் தகுதியானவன். கசப்பிலும் கடுங்கசப்பை உண்டவனே மனிதர்க்கு மேலான மனிதன் ஆவான் என்று ஒரு பழமொழி. கசப்பு முடிந்தால் இனிப்பு வரும் என்று ஒரு நாலெழுத்துத் தொடர்.

அரபு மொழி பயின்றோருக்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வராமல் இராது. பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ர்' என்ற சொல்லும், கற்றாழையிலிருந்து எடுக்கும் கசப்பு மருந்தாகிய கரியபோளத்தைக் குறிக்கும் 'ஸபிர்' என்ற சொல்லும் ஸாத், பா, ரா என்னும் அதே மூன்றெழுத்துகளால் ஆனவை. பாலைவனத்தாரும் மஞ்சளாற்றுக் கரையினரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு இதைச் செய்யவில்லை. கசந்ததை விழுங்கிய வாய் எங்கும் ஒன்றே போலும்.

எனினும் விழுங்குவதெல்லாம் விரும்பி விழுங்குவதா என்ற கேள்வியைச் சீனப் பழமொழிகளே எழுப்புகின்றன. இரண்டு துண்டுகளாகச் சொல்லும் ஒருவகைப் பழமொழி அங்கே உண்டு. முதல் துண்டைச் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள்; இரண்டாவதைக் கேட்பவர் மனத்துக்குள் முடித்துக்கொள்வார். 'ஊமை ஹுவாங்லியன் தின்றான்' என்பது ஒன்று. ஹுவாங்லியன் என்பது சீன வைத்தியத்தில் பயன்படும் மிகக் கசப்பான ஒரு வேர். சொல்லாமல் விடப்படும் இரண்டாம் துண்டு: 'கசப்பு உண்டு, சொல்ல வாயில்லை.' அநியாயத்துக்கு ஆளாகியும் முறையிட இடமின்றி நிற்பவனைக் குறிக்க இதைவிடச் சிறந்த சொல் எம்மொழியிலும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. பழமொழியின் வடிவமே அதன் பொருளாகவும் இருக்கிறது. சொல்ல முடியாததைச் சொல்லாமலே விடுகிறது.

கசப்பை உண்டோர் வரிசையில் சீனர் முதலில் நிறுத்துவது ஓர் அரசனை. கி.மு. 494இல் வூ நாட்டு மன்னன் ஃபூச்சாய், அண்டை நாடான யுவேயின் மன்னன் கோவ்ஜியனை முறியடித்தான். எஞ்சிய ஐயாயிரம் வீரரோடு குவாய்ஜி மலையில் முற்றுகையிடப்பட்ட கோவ்ஜியன் பணிந்து சரணடைந்தான். உயிர் பிழைத்து நாடு திரும்பியபின், தான் அமரும் இடத்தில் ஒரு பித்தப்பையைத் தொங்கவிட்டு, அமரும்போதும் உண்ணும்போதும் அதை நக்கிச் சுவைத்துக் குவாய்ஜியின் இழிவை மறந்தாயா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டானாம். தானே உழுதான்; அவன் மனைவி தானே நெய்தாள். கி.மு. 473இல் வூ நாடு அழிந்தது. ஃபூச்சாய் தற்கொலை செய்துகொண்டான். இதிலிருந்து பிறந்தது 'வோ ஷின் ச்சாங் தான்' என்ற தொடர்: விறகின்மேல் படுத்தல், பித்தைச் சுவைத்தல். வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியதில் பித்தம் மட்டுமே இருக்கிறது; விறகுப் படுக்கை அதில் இல்லை. அது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், சுங் அரச மரபின் காலத்தில்தான் வழக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. துன்பக் கதைகளுக்கு இப்படித் தாமே வளரும் இயல்பு உண்டு.

இந்தக் கதைக்கு நேர்ந்ததைப் பிறகு சொல்வோம். இப்போது அரசரை விட்டு மக்களிடம் வருவோம்.

கன்பூசியஸ் தாய் மலையோரமாகச் சென்றபோது ஒரு கல்லறையருகே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். மாமனாரைப் புலி கொன்றது. பின் கணவனைக் கொன்றது. இப்போது மகனையும் கொன்றது. பின் ஏன் இவ்விடத்தை விட்டுப் போகவில்லை என்று கேட்டதற்கு, இங்கே கொடுங்கோல் இல்லை என்று அவள் விடை கூறினாள். சீடர்களை நோக்கி ஆசான் சொன்னதாக வழங்குவதே 'கொடிய ஆட்சி புலியினும் கொடிது' என்ற முதுமொழி. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து, 805இல் யொங்சோ பகுதிக்கு ஒதுக்கி அனுப்பப்பட்ட லியூ சொங்யுவான் என்ற அதிகாரி, அங்கே நச்சுப்பாம்பு பிடிப்பவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாம்பை வரியாகச் செலுத்தும் அவன் குடும்பத்தில் பாட்டனும் தந்தையும் பாம்பு கடித்தே மாண்டவர்கள். அந்தப் பணியை மாற்றி வழக்கமான வரியையே விதிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று அவன் கண்ணீர் விட்டான். புலியின் இடத்தில் பாம்பு வந்திருக்கிறது. மற்றது மாறவில்லை.

'ஆழமான நீர், சுடும் நெருப்பு' என்ற தொடர் மென்சியஸ் நூலின் வழிவந்தது. கி.மு. 314 அளவில் ச்சி நாடு யென் நாட்டைப் பிடித்தது. யென் மக்கள் உணவுக் கூடையும் பானக் குடமுமாக வந்து படையை வரவேற்றார்கள். இவர்களை நம் நாட்டோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று மன்னன் கேட்டான். அவர்கள் நீரிலிருந்தும் நெருப்பிலிருந்தும் தப்பவே உங்களை நாடி வந்தார்கள். நீர் இன்னும் ஆழமாகி நெருப்பு இன்னும் சுடுமாயின் வேறொருவரை நாடிப் போவார்கள் என்பது மென்சியஸின் மறுமொழி. மக்கள் சேற்றிலும் கரித்தழலிலும் வீழ்ந்தார்கள் என்பதும் இவ்வினமே. இத்தகைய தொடர்களில் துன்பம் விதியாகப் பேசப்படவில்லை; அதற்கு ஒரு பொறுப்பாளி இருக்கிறான் என்பது உள்ளுறை.

பொறுப்பாளி மூடனாகவும் இருக்கலாம். 290 முதல் 307 வரை ஆண்ட ஜின் மரபின் ஹுய் பேரரசரிடம், மக்கள் உண்ணத் தானியமின்றிச் சாகிறார்கள் என்று முறையிட்டபோது, அப்படியானால் ஏன் இறைச்சிக் கஞ்சி உண்ணலாகாது என்று அவர் வினவினார். ஏழையின் நிலையறியாத பெரிய மனிதர்களைக் குத்திக் காட்ட அக்கேள்வி அப்படியே இன்றும் பயன்படுகிறது. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாக ஒரு மனிதரின் ஒரு வாக்கியத்தை ஒரு நாடு மன்னிக்கவில்லை.

அன்றாட அல்லல்களைப் பற்றிய பழமொழிகள் ஏராளம், ஒன்றிரண்டு போதும். பனியின்மேல் உறைபனி என்பார்கள். கூரை ஒழுகும் வீட்டுக்கே விடிய விடிய மழை, காலந்தாழ்ந்த படகுக்கே எதிர்காற்று என்பார்கள். பட்ட காலிலே படும் கெட்ட குடியே கெடும் என்று நம் மூதாட்டிகள் சொல்வதைத்தான் அவர்கள் மழையிலும் காற்றிலும் வைத்துச் சொல்கிறார்கள். அரிசி இல்லாவிட்டால் கைத்திறன் மிக்க மருமகளாலும் சோறாக்க முடியாது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் 'ச்சிங் ஹுவாங் பு ஜியே' என்ற தொடருக்குச் சற்று நிற்க வேண்டும். பச்சையும் மஞ்சளும் கைகோக்கவில்லை என்பது சொற்பொருள். மஞ்சள் என்பது குதிரில் இருக்கும் பழைய தானியம். பச்சை என்பது வயலில் நிற்கும் இளம் பயிர். பழையது தீர்ந்துவிட்டது, புதியது விளையவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களே உழவனின் உயிரை வாங்கும் காலம். கடன்காரன் வருவதும், நிலம் கைமாறுவதும், பெண் குழந்தை விலைபோவதும் அப்போதுதான். இன்று இத்தொடரை அலுவலகங்களில் பழையவர் ஓய்வுபெற்றுப் புதியவர் வராத நிலைக்குக்கூடச் சொல்கிறார்கள். பசி போய்விட்ட இடத்தில் சொல் வேறு வேலை தேடிக்கொள்வது நல்ல அடையாளமே.

பசியின் கடைசி எல்லைக்கும் ஒரு சொல் இருக்கிறது. எழுதக் கை கூசுகிறது. எனினும் இக்கட்டுரையின் உயிர்நாடி அதுவே ஆதலால் தவிர்க்க இயலவில்லை. கி.மு. 594இல் சுங் நாட்டுத் தலைநகரைச் சூ படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தது. நகரின் தலைவர்களுள் ஒருவரான ஹுவா யுவான் இரவில் எதிரிப் பாசறைக்குள் நுழைந்து, படைத்தலைவனை எழுப்பி, உள்ளே மக்கள் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு உண்கிறார்கள், எலும்பைப் பிளந்து எரிக்கிறார்கள் என்ற உண்மையை ஒளிக்காமல் சொன்னார். தன் பிள்ளையை உண்ண மனம் வராது, ஆகவே மாற்றிக்கொண்டார்கள். அதைக் கேட்ட எதிரி முப்பது லீ தொலைவு பின்வாங்கினான், உடன்படிக்கை ஏற்பட்டது. உண்மையைச் சொன்னதால் ஒரு நகரம் பிழைத்தது. பின்வந்த வரலாற்று நூல்களில் பெரும் பஞ்சம் வரும் இடமெல்லாம் மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும்: 'ரென் ஷியாங் ஷி', மனிதர் ஒருவரை ஒருவர் உண்டனர். வரலாற்றாசிரியன் அழுவதில்லை, அரற்றுவதில்லை. மூன்றெழுத்தை எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறான். ஆயினும் எந்த ஆட்சியின் ஏட்டில் அவ்வெழுத்துகள் ஏறுகின்றனவோ, அந்த ஆட்சிக்கு அதனினும் பெரிய அவமானம் வேறில்லை.

1876 முதல் 1879 வரை வடசீனத்தில் மழை பொய்த்தது. ஷான்சி, ஹெனான் முதலிய மாகாணங்களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் மடிந்தனர். அதே வறட்சியின் நிழல்தான் நம் சென்னை மாகாணத்தின்மீதும் விழுந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிச் சொன்னது அதைத்தான். அறுபதாண்டுச் சுற்றில் தாது என்ற ஆண்டின் பெயரால் தமிழர் அதைக் குறித்தார்கள். சீனருக்கும் அறுபதாண்டுச் சுற்று உண்டு. 'திங்' என்று தொடங்கும் 1877ஆம் ஆண்டையும் 'வூ' என்று தொடங்கும் 1878ஆம் ஆண்டையும் சேர்த்துத் 'திங்வூ பெரும்பஞ்சம்' என்று அவர்கள் பெயரிட்டார்கள். அப்போது சூசோ நகரத்து அறவோர் சிலர் பஞ்சக் காட்சிகளைப் படங்களாக அச்சிட்டு நிதி திரட்டினர். அப்படங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இரும்புக் கண்ணீர்ப் படங்கள்'. இரும்பு மனிதனையும் அழச் செய்பவை என்பது கருத்து.

பஞ்சம் மக்களை ஊர்விட்டு ஓட்டியது. ஊரைத் துறப்பதைச் சீனர், கிணற்றுக்கு முதுகு காட்டி ஊரைப் பிரிதல் என்கின்றனர். வீடு என்று சொல்லாமல் கிணறு என்று சொன்ன நுட்பம் ரசிக்கத்தக்கது. தண்ணீர் இறைத்த இடமே பிறந்த இடம். வடக்கே இருந்தவர்கள் மஞ்சூரியாவுக்குப் போனார்கள். தெற்கே இருந்தவர்கள் தென்கடலுக்கு இறங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக மக்காவ், அமாய் முதலிய துறைமுகங்களிலிருந்து கப்பலேற்றப்பட்டோரைப் 'பன்றிக்குட்டிகள்' என்றும், அந்த வாணிகத்தைப் 'பன்றிக்குட்டி விற்றல்' என்றும், அவர்களை அடைத்து வைத்த கொட்டடிகளைப் 'பன்றிக்குட்டி மனை' என்றும் வழங்கினர். 1847 முதல் 1874 வரை கியூபாவுக்கு மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாவின் ஈயச் சுரங்கங்களுக்கு வந்தவர்களைத் தமிழர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். நம் குடும்பங்களில் பினாங்குச் சபராளி ஒருவரேனும் இல்லாத குடும்பம் குறைவு. அங்கே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சீனரின் கருணைத் தேவி கோயிலும் ஒரே தெருவில்தான் நிற்கின்றன. அடுத்தடுத்த கடைகளில் அமர்ந்த இருவரும் தத்தம் கிணற்றுக்கு முதுகு காட்டி வந்தவர்களே.

இனிக் கோவ்ஜியனிடம் திரும்புவோம். 1915இல் ஜப்பான் இருபத்தொரு கோரிக்கைகளை நீட்டியபோது சீனக் கல்விமான்கள் இக்கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊட்டினர். அது பொருத்தமே. ஆனால் 1958இல் தொடங்கிய 'பெரும் பாய்ச்சல்' திட்டத்தால் நாடெங்கும் பஞ்சம் சூழ்ந்த 1960, 61ஆம் ஆண்டுகளில் அதே கதை மீண்டும் மேடையேறியது. பல வட்டார நாடகக் குழுக்கள் அதை நடித்தன. புகழ்பெற்ற நாடகாசிரியர் சாவ் யூவும் 1961இல் அதை நாடகமாக்கினார். பித்தத்தைச் சுவைத்த மன்னனைப் போலப் பொறுங்கள் என்பது பட்டினி கிடந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி. மன்னன் தானே தேர்ந்து, தன் பகைமுடிக்கத் தானே நக்கிய பித்தத்தை, பிறர் செய்த பிழையால் சாகும் குடியானவன் வாயில் வைப்பது எவ்வகையிலும் நியாயமாக நமக்குப் படவில்லை.

சொற்களைக் கையாள்வதில் அப்புதிய ஆட்சி தேர்ந்ததே. 1946 முதல் நிலச்சீர்திருத்தக் கூட்டங்களில் 'கசப்பைச் சொல்லுதல்' என்ற முறையைப் புகுத்தினார்கள். நிலக்கிழாரின் கொடுமையை ஊமைகளாக இருந்தவர்கள் ஊரறிய எழுந்து நின்று சொன்னார்கள். ஹுவாங்லியன் தின்ற ஊமைக்கு வாய் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும். அதன் பயனை நாம் குறைத்துக் கூறமாட்டோம். கூடவே வன்முறை வந்ததையும் மறைப்பதற்கில்லை. 1960களில் 'கசப்பை நினைந்து இனிப்பை எண்ணுதல்' வந்தது. தவிடும் காட்டுக்கீரையும் கலந்து உண்ணவைத்து, பழைய ஆட்சியின் பசியை முதியவர்கள் இளையோருக்குச் சொல்ல வேண்டும். சில சிற்றூர்களில் முதியவர்கள் பேச்சுப்போக்கில் 1949க்கு முந்தைய பசியை விட்டுவிட்டு 1960இன் பசியைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். நாவுக்குத் தெரிந்த கசப்பு அதுதானே!

அந்தப் பஞ்சத்தில் மாண்டோர் ஒன்றரைக் கோடி என்பாரும் நாலரைக் கோடி என்பாரும் உளர். ஆட்சியினர் அதற்கு இட்ட பெயர் 'மூன்றாண்டு இயற்கைச் சீற்றம்'; பின்னர் 'மூன்றாண்டு இன்னற்காலம்'. நாட்டின் தலைவராயிருந்த லியூ ஷாவ்சி 1961இல் தம் சொந்த மாகாணமாகிய ஹுனானுக்குச் சென்று நாற்பத்து நான்கு நாள் தங்கி விசாரித்தார். அங்கே உழவர்கள் அவரிடம் ஒரு கணக்குச் சொன்னார்கள்: மூன்று பங்கு வானம் செய்தது, ஏழு பங்கு மனிதர் செய்தது. 1962 ஜனவரியில் ஏழாயிரம் பேர் கூடிய கட்சி மாநாட்டில் அவர் அந்த உழவர் வாக்கையே எடுத்துச் சொன்னார். அவ்வாண்டுக் கோடையில் மா சே துங்கிடம் தனியே பேசியபோது, இத்தனை பேர் பட்டினியால் மாண்டதற்கு நாம் இருவருமே வரலாற்றில் பதியப்படுவோம், மனிதர் மனிதரை உண்டது ஏட்டில் ஏறும் என்று எச்சரித்ததாக அவர் குடும்பத்தார் எழுதியுள்ளனர். பழைய மூன்றெழுத்துகளின் அச்சம் அவரை விடவில்லை. கலாசாரப் புரட்சியில் அவர் பதவி பறிக்கப்பட்டு, 1969 நவம்பரில் கைஃபெங் நகரில் காவலில் இறந்தார். முற்றுகையில் உண்மை சொன்ன ஹுவா யுவானுக்குக் கிடைத்த எதிரி இவருக்கு வாய்க்கவில்லை.

கசப்பைப் பற்றிய பேச்சு அத்தோடு ஓய்ந்துவிடவுமில்லை. 2021இல் சீன இளைஞரிடையே 'மல்லாந்து படுத்தல்' என்றொரு சொல் பரவியது. ஓடி ஓடி உழைத்தும் வீடும் வாழ்வும் எட்டாதபோது படுத்துவிடுவதே மேல் என்பது அதன் கருத்து. கசப்பை உண்ண ஒப்பினால் தின்று தீராக் கசப்பு கிடைக்கும் என்று பழமொழியையே திருப்பிப் போட்டு ஒரு புதுமொழியும் அவர்களிடம் வழங்குகிறது. வேளாண் பல்கலைக்கழக மாணவர் சிலர் சிற்றூர்ப் பணியைப் பற்றி எழுதிய மடலில், இளைஞர் தாமே கசப்பைத் தேடி உண்ண வேண்டும் என்று குறித்திருந்தனர். 2023 மே மாதத்தில் அதிபர் ஷி ஜின்பிங் தம் மறுமொழியில் அதைப் பாராட்டினார். அடுத்த மாதத்தில் நகர்ப்புறத்தில் 16 முதல் 24 வயது வரையுள்ளோரிடையே வேலையின்மை 21.3 விழுக்காடாக இருந்தது என்று புள்ளியியல் துறை பின்னர் அறிவித்தது. ஆகஸ்டில் அந்தக் கணக்கை வெளியிடுவதே நிறுத்தப்பட்டது. 2024 ஜனவரியில், படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களை நீக்கிவிட்டுப் புதிய முறையில் கணக்கிட்டு மீண்டும் வெளியிட்டபோது, முந்தைய டிசம்பர் மாதத்துக்கான எண் 14.9 ஆக இருந்தது.